கொல்லிமலை ஏற்றமும் மைலேஜ் டயரும்

மைலேஜ் டயர் என்று கடைகளில் சொல்லி விற்கப்படுவது, உருளும்போது வண்டியின் சக்தியைக் குறைவாகத் தின்னும் டயர். சீரான வேகத்தில் போகும் ஒரு காரின் என்ஜின் முக்கியமாக மூன்றைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது: எதிர்க்காற்று, சாலையின் ஏற்றம், டயரின் உருளல் தடை. முதல் இரண்டும் உணரக்கூடியவை. மூன்றாவது கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது. பழுதாகி நின்ற காரைத் தள்ளிப் பார்த்தவருக்கே அதன் கனம் தெரியும். மைலேஜ் டயர் குறைப்பது இந்த மூன்றாவதை மட்டும். இந்த டயரைப் பற்றி ஓட்டுநர்களிடம் உள்ள அதீத நம்பிக்கை, பிறகு வரும் ஏமாற்றம் இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் இதை மறந்துபோவதுதான். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நல்ல இடம். அடிவாரம் வரை சமவெளி; அதற்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வருகிறவர்களும், சேலத்திலிருந்து ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக வருகிறவர்களும் அடிவாரத்தில் காரவள்ளிக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே தொடங்கும் மலைப்பாதை சோளக்காட்டில் மேட்டைத் தொடுகிறது. முள்ளுக்குறிச்சி பக்கமிருந்து இன்னொரு பாதையும் உண்டு. மேலே செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி. ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு வரும் கார்கள், அன்னாசியும் பலாவும் மிளகும் ஏற்றி இறங்கும் பிக்கப் வேன்கள், அரசுப் பேருந்துகள், வாடகைக் கார்கள் என எல்லா வகை வண்டியும் இந்த மலைப்பாதைகளில் டயரைத் தேய்க்கின்றன.

ரப்பர் டயர் ஏன் சக்தியைத் தின்கிறது? காரின் எடையால் டயரின் அடிப்பகுதி சாலையில் பட்டு உள்ளங்கை அளவுக்குத் தட்டையாகிறது. சக்கரம் சுழலச் சுழல, டயரின் ஒவ்வொரு பகுதியும் தட்டையாகி, மறுபடி வட்டத்துக்குத் திரும்புகிறது. ரப்பரை நசுக்கச் செலவான சக்தி முழுவதும் அது விரியும்போது திரும்பக் கிடைப்பதில்லை. கையிலிருந்து கீழே விட்ட பந்து எழும்பும்போது பழைய உயரத்தை எட்டாததைப் போலத்தான் இதுவும். திரும்பாத பங்கு வெப்பமாகிறது. நீண்ட தூரம் ஓடி வந்த காரின் டயரைத் தொட்டால் சுடுவது வெயிலால் மட்டும் அல்ல. பெட்ரோலில் ஒரு பங்கு அங்கே சூடாக மாறியிருக்கிறது.

இந்த இழப்பைச் சுமையோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். சாதாரணக் கார் டயர் ஒரு டன் சுமைக்கு ஏறத்தாழ 10 கிலோ விசையளவுக்குத் தடை தருகிறது. நல்ல மைலேஜ் டயரில் இது 8 கிலோ அல்லது அதற்கும் கீழே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தர அட்டையில் முதல் படியான 'ஏ' பெற, கார் டயர் 6.5 கிலோவைத் தாண்டக்கூடாது. இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் சக்கரத்தில் இந்தத் தடை ரப்பர் டயரில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் இரும்புச் சக்கரத்தால் கொல்லிமலை வளைவில் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. நசுங்கும் குணம்தான் ரப்பருக்குப் பிடிமானத்தைத் தருகிறது. அதே குணம்தான் எரிபொருளையும் தின்கிறது. டயர் தொழிலின் பழைய சிக்கல் இதுவே.

சிக்கலின் முதல் முடிச்சை அவிழ்த்தது ரேடியல் டயர். பிரான்ஸின் மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய டயரில் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்திருக்கும். டயர் நசுங்கும்போதெல்லாம் அவை தமக்குள் உரசிச் சூடேறும். நம் ஊர் ஓட்டுநர்கள் 'நைலான் டயர்' என்று சொல்வது இந்த வகையைத்தான். ரேடியலில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகின்றன. மேலே எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் இளகி வளைகிறது, சாலையைத் தொடும் பரப்பு அசையாமல் இருக்கிறது. இன்று நாட்டில் ஓடும் கார்களில் ரேடியல் அல்லாததைக் காண்பது அரிது.

இரண்டாவது முடிச்சு ரப்பர் கலவையில் இருந்தது. டயருக்குக் கறுப்பு நிறமும் வலிமையும் தருவது கார்பன் பிளாக் என்ற கரித்தூள். அதில் பெரும் பங்கை எடுத்துவிட்டு, சிலிக்காவைச் சேர்த்து, அது ரப்பரோடு ஒட்டிக்கொள்ள சிலேன் என்ற வேதிப்பொருளையும் கலந்து, 1992இல் மிஷலின் தன் 'எனர்ஜி' டயரை வெளியிட்டது. இதன் சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. சக்கரம் உருளும்போது ரப்பர் நொடிக்குச் சில பத்து முறைகள் மட்டுமே நசுங்கி விரிகிறது. பிரேக் பிடித்து வழுக்கும்போதோ, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறைகள் அதிர்கிறது. மெதுவான அசைவில் சக்தியை விடாமலும், வேகமான அதிர்வில் சக்தியை விழுங்கியும் நடக்கும் கலவை கிடைத்தால் மைலேஜும் பிடிமானமும் ஒருசேர வரும். சிலிக்கா அதை முழுதாக இல்லாவிட்டாலும் கணிசமாகச் சாதித்தது. இந்தியாவில் விற்கும் பிரிட்ஜ்ஸ்டோன் இகோப்பியா, சியட் ஃபியூவல்ஸ்மார்ட் போன்றவை எரிபொருள் சிக்கனத்தை முன்னிறுத்தி வந்தவை.

சரி, மிச்சம் எவ்வளவு? அமெரிக்காவின் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 1 முதல் 2 சதவீதம் கூடும். டன்னுக்கு 10 கிலோ என்பது 8 ஆனால் 20 சதவீதக் குறைவு. ஆகவே 2 முதல் 4 சதவீத மிச்சம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால் 3 சதவீதம் என்பது 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய். ஒரு டயரின் விலையையொட்டிய தொகை இது. வாரக் கடைசியில் மட்டும் வண்டியை எடுப்பவருக்கு இதே சதவீதம் சில நூறு ரூபாயோடு நின்றுவிடும்.

இதே காரைக் காரவள்ளியில் நிறுத்தி, மலையேறும்போது என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நாலு பேரும் மூட்டைகளும் சேர்த்துக் காரின் எடை 1,300 கிலோ. சமவெளியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாதாரண டயர்களின் தடை 13 கிலோ, காற்றின் தடை ஏறத்தாழ 5 கிலோ. மொத்தம் 18. மைலேஜ் டயர் போட்டால் இது 15.4 ஆகிறது. இப்போது மலை. ஆயிரம் மீட்டர் உயரத்தை 25 கிலோமீட்டர் பாதையில் ஏறுவதாக வைத்துக்கொண்டால் சராசரிச் சரிவு 4 சதவீதம். அந்தச் சரிவு காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை 52 கிலோ. மொத்தச் சுமை 70 கிலோவாகிவிடுகிறது. மைலேஜ் டயர் அதை 67.4 ஆக்கும். டயர் குறைத்தது அங்கும் 2.6 கிலோ, இங்கும் 2.6 கிலோ. ஆனால் 18இல் அது பெரிய பங்கு; 70இல் தூசு.

எரிபொருளாக மாற்றிச் சொன்னால், இந்த 2.6 கிலோ கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் பெட்ரோல். காரவள்ளியிலிருந்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் மிச்சமாவது 50 மில்லிலிட்டர். காரை வெறுமனே ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கே ஏறத்தாழ ஒரு லிட்டர் செலவாகிவிடுகிறது. இதற்கும் டயருக்கும் சம்பந்தமே இல்லை. சமவெளியில் லிட்டருக்கு 18 கொடுத்த கார் மலையில் 9, 10 என்று இறங்கிவிடும்போது, "போன மாசம் மாத்துன டயர் மைலேஜே தரல" என்று ஓட்டுநர் சலித்துக்கொள்வது இயல்பு. டயர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதன் பங்கு ஏற்றத்தின் செலவில் மறைந்துபோனது.

இறக்கம் இன்னும் வேடிக்கையானது. வரும் வழியில் சரிவின் 52 கிலோ விசை காரை முன்னே தள்ளுகிறது. டயரும் காற்றும் அதில் 18 கிலோவைத் தின்றுவிட, மிச்சம் 34 கிலோவை என்ஜினும் பிரேக்கும் பிடித்து நிறுத்த வேண்டும். மைலேஜ் டயரில் இந்த மிச்சம் ஏறத்தாழ 37 கிலோ ஆகிறது. அதாவது இறக்கத்தில் இந்த டயர் மிச்சப்படுத்துவது எதுவுமில்லை. பிரேக்குக்குக் கொஞ்சம் வேலையைக் கூட்டுகிறது. "வண்டி முன்னைவிட லேசா ஓடுது, பிரேக்க அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்கு" என்று சில ஓட்டுநர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது குறை அல்ல. ஒரு கியர் குறைத்து இறங்கினால் சரியாகிவிடும்.

எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் வண்டியை விட்டு இறக்கும் பழக்கம் இந்தக் கணக்கில் மோசமான பக்கம். கார்பரேட்டர் காலத்தில் அதில் ஏதோ லாபம் இருந்திருக்கலாம். இன்றைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் என்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க அது எரிபொருள் குடிக்கிறது. மிச்சமும் இல்லை; எழுபது வளைவுகளுக்கும் பிரேக் மட்டுமே துணை. பிரேக் சூடேறினால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் போகிறது. ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் உள்ளே இறங்கிப் போனால் எந்த டயராலும் உதவ முடியாது.

ஓட்டுநர்களின் மைலேஜ் அனுபவங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு மலை மட்டும் காரணம் அல்ல. புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்ததாகச் சொல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மைலேஜ் டயர் போட்டவர்களும் அதைச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பரே குறைவு; அதனால் அதன் உருளல் தடை புதிதாக இருந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மொட்டையாகப் போகும் தறுவாயில் உள்ள டயர்தான் இருப்பதிலேயே சிறந்த மைலேஜ் டயர் என்பது இந்தத் துறையின் விபரீத உண்மை. அதைக் கழற்றிவிட்டுப் போட்ட புதிய டயர் எவ்வளவு நல்லதானாலும், முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழையதோடு சமமாக நின்றாலே பெரிது.

அதோடு கிலோமீட்டர் மீட்டரின் மாயமும் சேர்கிறது. பல சிறிய கார்களில் வரும் 165/80 ஆர் 14 அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். புதிதில் பட்டனின், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகளின், ஆழம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடாக இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் வெளித்தெரியும். அந்த நிலைக்குத் தேய்ந்த டயரின் விட்டம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். அதாவது 2 சதவீதம். மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. சுருங்கிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றுவதால், நாமக்கல்லிலிருந்து செம்மேடு வரையிலான அதே சாலை தேய்ந்த டயரில் நீளமாகவும் புது டயரில் குட்டையாகவும் பதிவாகிறது. டயர் மாற்றிய நாளில் காகிதக் கணக்கில் 2 சதவீத மைலேஜ் காணாமல் போகிறது. பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கூடுதலாகச் செலவாகவில்லை.

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறையும் நம்பும்படியாக இல்லை. பங்க்கில் குழாய் தானாக நிற்கும் இடம் வண்டி நிற்கும் சாய்வைப் பொறுத்து அரை லிட்டர் முன்பின்னாகலாம். 20 லிட்டரில் அரை லிட்டர் என்பது 2.5 சதவீதம், தேடிக்கொண்டிருக்கும் மிச்சத்தின் அளவே அவ்வளவுதான். ஏசி, பயணிகளின் எண்ணிக்கை, எதிர்க்காற்று, ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட அரை மணி நேரம் எல்லாம் சேர்ந்தால் ஒரே ஒரு பயணத்தை வைத்து டயரைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே பாதையில் ஓடும் வாடகைக் கார்க்காரரின் குறிப்பேடு, ஒரு நாள் சுற்றுலா வந்தவரின் திருப்தியைவிட நம்பத்தக்கது.

வெளிநாடுகளில் இப்படிக் கவனமாகக் குறித்துவைத்தவர்கள் ஹைபிரிட் கார்க்காரர்கள். 1999இல் வந்த ஹோண்டா இன்சைட் கார், அதற்கென்றே தேர்ந்தெடுத்த குறுகலான குறைதடை டயர்களோடு விற்பனையானது. அவை தேய்ந்தபின் சாதாரண டயர் போட்டவர்கள் மைலேஜ் குறைந்ததை உடனே கண்டார்கள். டொயோட்டா பிரியஸ்காரர்களுக்கும் இதே அனுபவம். அளக்கும் கருவி காரிலேயே இருந்ததும், வண்டி ஏற்கெனவே மிகச் சிக்கனமாக இருந்ததும் வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்டின.

இந்தியாவிலும் இதன் மறுபதிப்பு நடக்கிறது. கார் நிறுவனம் விற்கும் எல்லா வண்டிகளின் சராசரி எரிபொருள் செலவும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. 2022இல் வரம்பு இன்னும் இறுகியது. வரம்புக்குள் நிற்கத் தடை குறைந்த டயர் நிறுவனங்களுக்கு மலிவான வழி. ஆகவே புதிய கார் பலவற்றில் மைலேஜ் டயர் கேட்காமலே வந்துவிடுகிறது. வாங்கியவர் சில மாதங்களில் பார்வைக்காக அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் மாற்றுகிறார். சக்கரத்தின் எடையும் தடையும் கூடுகின்றன. மைலேஜ் குறைந்ததும் சர்வீஸ் சென்டரில் என்ஜினைச் சந்தேகப்படுகிறார்கள்.

டயரை மாற்றாமலே மைலேஜைக் கூட்டும் வழி காற்று. நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீத மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் 1.6 சதவீதம் காற்றோடு போகிறது; அதிக விலை கொடுத்து வாங்கிய மைலேஜ் டயரின் பலனில் பாதி. நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடும் என்பது விற்பனைப் பேச்சு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே.

மலைக்குப் போகும்போது காற்றை என்ன செய்வது என்பதில் ஓட்டுநர்களிடையே இரு கட்சி உண்டு. மேலே குளிர், காற்று இறங்கிவிடும், கூட்டி அடிக்க வேண்டும் என்பது ஒன்று. மேலே போனால் டயர் உப்பும், குறைக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. இறங்கும். அழுத்தமானி காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலே குறைவதால், மானி அந்த அளவு கூட்டிக் காட்டும். கொல்லிமலையின் உயரத்தில் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவை, வண்டி குளிர்ந்திருக்கும்போது அடிவாரத்திலேயே பார்த்துக்கொண்டால் போதும். ஏறி முடித்த சூட்டில் பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடத் தெரியும். அதைக் கண்டு காற்றை வெளியேற்றினால் மறுநாள் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும்.

மலைப்பாதையில் மைலேஜை விட்டுத்தள்ளிவிட்டுக் கவனிக்க வேண்டியது ஈரப் பிடிமானம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொல்லிமலைச் சாலையில் மழைநீரும் மண்ணும் இலைச்சருகும் சேர்ந்து படிந்திருக்கும், மூடுபனியும் இறங்கிவிடும். தொடக்ககால மைலேஜ் டயர்கள் ஈரத்தில் வழுக்குகின்றன என்ற கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. தடையைக் குறைக்கும் எளிய வழி, சக்தியை விழுங்காத கலவையைப் போட்டு, பட்டனின் ஆழத்தையும் குறைத்துவிடுவது. அப்படிச் செய்த டயரில் மழைநீர் வடியப் பள்ளம் போதாது. சிலிக்கா கலவையில் வரும் நல்ல டயர்களுக்கு இந்தக் குறை பெருமளவு இல்லை. ஆனால் விலை மலிந்த எல்லா 'மைலேஜ்' டயரும் அந்த வகை அல்ல. ஐரோப்பியத் தர அட்டையின் கணக்கில், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் முதல் படி டயருக்கும் கடைசிப் படி டயருக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். மலையில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை; போகும் வேகத்துக்குத் தக்க அது சுருங்கும். ஆனால் ஊசி வளைவில் எதிரே பேருந்து திரும்பும்போது மீதமிருக்கும் இடமும் சுருங்கியதுதான்.

கொண்டை ஊசி வளைவு டயரை என்ன செய்கிறது என்பதை ஒரு வளைவில் நின்று பார்த்தாலே தெரியும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் முன்சக்கரங்கள் பார்க்கும் திசை ஒன்று, காரின் உடல் போகும் திசை இன்னொன்று. இந்த இடைவெளியில் டயர் உருளவில்லை, பாதி உரசுகிறது. வெளிப்பக்க முன்டயரின் தோள்மீது காரின் எடை சாய்ந்து, கீச்சென்ற சத்தத்தோடு ரப்பர் சாலையில் தேய்கிறது. அந்தச் சில மீட்டர்களில் எந்த டயரும் மைலேஜ் டயர் அல்ல. அடிக்கடி மலையேறும் வண்டிகளில் முன்டயரின் ஓரங்கள் நடுப்பகுதிக்கு முன்னதாகத் தேய்வதற்கு இதுவே காரணம். அலைன்மென்ட் கெட்டிருந்தால் இந்த உரசல் நேர்ச்சாலையிலும் தொடரும். பட்டன்மீது கையைக் குறுக்கே தடவினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போலவும் இருக்கும். அப்படித் தட்டுப்பட்டால், மைலேஜ் டயருக்குக் கொடுத்த காசு அந்தப் பற்களில் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முன்பின் டயர்களை உரிய காலத்தில் இடம் மாற்றிப் போடுவது மலைவாசி வண்டிகளுக்குச் சமவெளியில் உள்ளதைவிட அவசியம்.

வேறு சில அனுபவங்களும் அடிக்கடி காதில் விழும். எடையைக் குறைக்கப் பக்கச்சுவரை மெல்லியதாக்கிய டயர்களில், சாலையோரக் கல்லில் இடித்தால் வீங்கிப்போகும் ஆபத்து கூடுதல். எதிர்வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும் மலைப்பாதையில் இது சாதாரணக் கவலை அல்ல. மைலேஜ் டயர் கூடுதலாகச் சத்தம் போடுமா குறைவாகப் போடுமா என்பதில் பொதுவாகச் சொல்ல எதுவும் இல்லை.

வாங்கும்போது நம்புவதற்கு என்ன இருக்கிறது? ஜப்பானில் டயர் உற்பத்தியாளர்கள் 2010 ஜனவரியிலேயே தர அட்டை ஒட்டத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் அது கட்டாயம். இந்தியாவில் டயர்களின் உருளல் தடை, ஈரப் பிடிமானம், ஓசை மூன்றுக்கும் வரம்பு வைத்த ஏ.ஐ.எஸ். 142 விதியை மத்திய அரசு 2022 ஜூனில் அறிவித்தது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரிலும், ஏற்கெனவே உள்ளவற்றுக்கு 2023 ஏப்ரலிலிருந்து படிப்படியாகவும் அமலாகும் என்று அது கூறியது. இது வெறும் குறைந்தபட்சத் தகுதி. பி.இ.இ. என்று அறியப்படும் எரிசக்தித் திறன் பணியகம் டயர்களுக்கு வழங்கும் நட்சத்திர முத்திரை அதற்கு மேலே போகிறது. ஃபிரிட்ஜில் பார்த்துப் பழகிய அதே ஒன்று முதல் ஐந்து வரை. ஆனால் விருப்பமுள்ள நிறுவனம் மட்டும் பெறுவது. நட்சத்திரம் கூடியதையெல்லாம் வாங்கிவிடாமல், அதே டயரின் ஈரப் பிடிமானம் என்ன என்று கேட்கும் வாடிக்கையாளர்தான் கடைக்காரரைத் திணறவைக்கிறார். மலைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பக்கச்சுவரில் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்ப்பது அதற்கு அடுத்தது. 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ரப்பர் இறுகிவிடும்.

கார்க்காரருக்கு இது சில ஆயிரம் ரூபாய் விஷயம். மலைக்குக் கீழே நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவருக்கு இது பிழைப்பு. நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும் கனரக லாரியின் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு வரை டயர்களின் தடைக்கே போகிறது. சுமை ஏற ஏறத் தடையும் அதே விகிதத்தில் ஏறுவதே காரணம். நைலானா ரேடியலா என்ற விவாதம் லாரிப் பட்டறைகளில் பல ஆண்டுகள் நடந்தது. அதிக பாரம், மோசமான சாலை, மலிவு விலை என்ற மூன்றும் நைலான் பக்கம். டீசலும் ஆயுளும் ரேடியல் பக்கம். தேய்ந்த டயருக்கு மேல் புதிய பட்டனை ஒட்டித் தரும் ரீட்ரெடிங் தொழில் நாமக்கல்லில் வேரூன்றியது. ஒட்டப்படும் பட்டன் ரப்பரின் தரத்தைப் பொறுத்து அந்த டயரும் சிக்கனமாகவோ தீனிப் பண்டாரமாகவோ ஆகும்.

மின்சாரக் கார்கள் வந்தபின் மலைக்கணக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது. பெட்ரோல் என்ஜின் தன் எரிபொருளில் பெரும் பங்கை வெப்பமாக வீணாக்குவதால் டயரின் பங்கு அதில் சிறியதாகத் தெரிந்தது. மோட்டாரில் வீண் குறைவு. ஆகவே டயர் விழுங்குவது நேராக ஓடும் தூரத்தைக் குறைக்கிறது. தடை குறைந்த டயரை மின்சாரக் கார் தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாகி பேட்டரிக்கு மின்சாரம் திருப்புகிறது. 1,600 கிலோ எடையுள்ள மின்சாரக் கார் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது, டயரும் காற்றும் தின்றது போக, சேதாரமும் போக, ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் திரும்பி வரலாம். டயரின் தடையைக் குறைத்தால் அந்த மிச்சம் இங்கே பிரேக்கில் சூடாகாமல் பேட்டரியில் போய்ச் சேர்கிறது. இறக்கத்திலும் மைலேஜ் டயருக்குப் பலன் கிடைப்பது இந்த வண்டியில்தான். ஒரே நிபந்தனை, பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். செம்மேட்டில் தங்கி இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால் திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரி மறுத்துவிடும். மோட்டாரின் பிடி தளர்ந்து, வளைவுக்கு வளைவு கால் பிரேக்கையே நம்ப வேண்டிவரும். எண்பத்தைந்து சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புவது நல்லது.